கடலோரத்தில் ஓட்ட எடை குறைந்த ரோடு சைக்கிள்: ஃபிரேம் எதில் கட்டலாம்?

உச்சிப்புளி_மிதி

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள், இன்றுதான் முதலில் எழுதுகிறேன். ஊர் உச்சிப்புளி. வாரத்தில் மூன்று நாள் விடியுமுன் கிளம்பி மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலம் ஏறி இறங்கித் திரும்புவேன், மாதத்தில் ஒரு ஞாயிறு அரிச்சல்முனை வரைக்கும். இருப்பது கடையில் ரெடிமேடாக வாங்கிய அலுமினிய ரோடு சைக்கிள், நான்கு வருடம் ஆகிறது. எடை 11.4 கிலோ. மளிகைக் கடையில் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டுப் பார்த்தேன், கடையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அதன் இப்போதைய கதி: சீட் பில்லர் ஃபிரேமுக்குள் இறுகிப்போய் ஒரு வருடமாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. போன ஆடியிலிருந்து பின்சக்கரத்தில் மூன்று நிப்பிள் (கம்பியை ரிம்மில் முடுக்குகிற சின்ன நட்டு) உடைந்தது. கம்பி நன்றாகத்தான் இருக்கிறது, நிப்பிள்தான் கழுத்தோடு போகிறது. கோட்டம் எடுக்க ஒரு கடையில் கொடுத்தேன், சாவியை வைத்துத் திருப்பும்போதே இன்னும் இரண்டு போய்விட்டது, அவர் பயந்துபோய் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதற்குமேல் இதில் காசைக் கொட்டாமல் என் அளவுக்கு ஒன்று கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். பெங்களூரில் ஒருவர் அளவு எடுத்து ஸ்டீல் ஃபிரேம் செய்து தருகிறார், விசாரித்துவிட்டேன். கையில் மொத்தம் ஒன்றே முக்கால் லட்சம். பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் அமைப்பான யுசிஐ 2000-ல் விதி வைத்தது, நான் பந்தயத்துக்குப் போகப்போவதில்லை, எனக்கு 7.5 கிலோவில் வந்தால் போதும். ஸ்டீலில் அது நடக்குமா? இல்லை, கார்பன் ஃபிரேம் வாங்கி மற்றதை நானே பூட்டிக்கொள்வதா? டைட்டானியம் என்கிறார்களே, அது நம் பட்ஜெட்டில் கனவா?

உயரம் 176, என் எடை 82. அதைப் பற்றி மட்டும் யாரும் பேச வேண்டாம்.

கச்சான்காற்று

மன்னிக்கவும், அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

82 கிலோ ஆள், 11.4 கிலோ சைக்கிள், கூட்டினால் 93 சொச்சம். சைக்கிளை 7.5 ஆக்கினால் 89.5. நம் பக்கத்தில் ஏற்றம் என்று சொல்ல அந்தப் பாலம் ஒன்றுதான் இருக்கிறது, அது 20 மீட்டர் ஏறுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மிச்சம்பிடித்த 4 கிலோவை 20 மீட்டர் தூக்க 800 ஜூல்கூட ஆகாது. 150 வாட் மிதிக்கிறவர் என்றால் கணக்கு ஐந்து விநாடியில் முடிந்துவிடும். பாலத்தின் நடுவில் வேனை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் படம் எடுக்கிற கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வருவதற்கே அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

நம்மிடம் மலை இல்லை, காற்று இருக்கிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 25-ல் காற்று வந்தால் உடம்பில் மோதுவது 50, அதாவது காற்றின் தடை நான்கு மடங்கு. கச்சான் அடிக்கிற மாதங்களில் ராமேஸ்வரம் போகும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும், ஆகா நாம் எவ்வளவு தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே போவோம், திரும்பும்போது தங்கச்சிமடம் தாண்டவே நாக்குத் தள்ளும். இதில் அரை கிலோ குறைவதால் ஒன்றும் ஆகாது. முழங்கையை மடக்கி, முதுகைத் தாழ்த்தி ஒரு மணி நேரம் வலியில்லாமல் உட்கார முடிகிறதா என்பதில்தான் வித்தியாசம் வரும், அதனால் அளவெடுத்துக் கட்டுவதற்கு நான் எதிரி இல்லை, அந்த 7.5-க்குத்தான் எதிரி.

சக்கரத்தில் ஆசைப்பட்டு 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கார்பன் ரிம் போட்டுவிடாதீர்கள். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கே சிக்னல் விழாது. பக்கத்துப் பாலத்தில் நாம் பக்கவாட்டுக் காற்றில், இடப்பக்கம் கைப்பிடிச் சுவரும் வலப்பக்கம் அரசுப் பேருந்துமாகப் போகிறோம். ரிம் 30 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும்.

பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு, அதாவது கேசட், 11 பல்லிலிருந்து 34 பல்வரை (11-34) எல்லாம் கொடைக்கானல் போகிறவர்களுக்கு. நீங்கள் 11-28 போடுங்கள், பற்கள் நெருக்கமாக இருக்கும், எதிர்காற்றில் ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் காலுக்கு உடனே தெரியும்.

பாம்பன்_ஃபைபர்

தம்பி, நான் சைக்கிள் ஆள் இல்லை, ஃபைபர் வள்ளம் ஒட்டுகிற தொழில். பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் இருந்தது, அதுதான் எனக்குத் தெரிந்த லைட் வெயிட் சைக்கிள். என் மகன் இந்தப் பக்கத்தைக் காட்டினான், நிப்பிள் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உடைந்த நிப்பிளை எடுத்துப் பார்த்தாயா? உள்ளே வெள்ளையாக, சுண்ணாம்பு பொங்கின மாதிரி இருந்திருக்கும். அது அலுமினிய நிப்பிள். எவர்சில்வர் கம்பியும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டு இருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் செத்துப்போகும். வள்ளத்தில் அலுமினியத் தகட்டை எவர்சில்வர் போல்ட் வைத்து முடுக்கினால் இரண்டே சீசனில் போல்ட்டைச் சுற்றி இதே வெள்ளைப் பொடிதான் வரும். பித்தளை நிப்பிள் போடச் சொல். மகன் கணக்குப் பார்த்தான், இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 64 நிப்பிள், பித்தளைக்கு மாறினால் கூடுவது 40 கிராம் சுமார். இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்குப் பொட்டலமும்.

சீட் பில்லர் இறுகினதும் அதே வியாதிதான். துரு என்றால் சிவப்பாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அலுமினியத்தின் துரு வெள்ளையாக இருக்கும், வந்த இடத்தில் உப்பி இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் ஆணி அறைந்த மாதிரி நிற்கிறது. எங்கள் பக்கம் ராத்திரி வெளியே நிறுத்தின வண்டியின் சீட்டைக் காலையில் நாக்கால் தொட்டுப் பார், கரிக்கும். அத்தனை உப்பும் உன் சைக்கிளில்தான் இறங்குகிறது.

கார்பன் வாங்கினால் ஒன்று ஞாபகம் வை. கார்பனுக்குத் துரு கிடையாது, ஆனால் அதோடு ஒட்டி நிற்கிற அலுமினியத்தை அது வேகமாகத் தின்னும், எவர்சில்வரைவிட மோசம். அப்புறம் விழுந்து விரிசல் விட்டால் "அண்ணே, வள்ளம் ஒட்டுகிறீர்களே, இதையும் ஒட்டுங்கள்" என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வராதே. ஏற்கெனவே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். நாங்கள் வள்ளத்துக்குப் போடுவது பாலியெஸ்டர் ரெசின், உங்கள் ஃபிரேம் எபாக்ஸியில் செய்தது. காய்ந்த எபாக்ஸிமேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது, பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும், பாலத்து இறக்கத்தில் உரிந்துகொள்ளும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

உச்சிப்புளி_மிதி

அண்ணே, இப்போதுதான் உடைந்த நிப்பிளைத் தேடி எடுத்து அகல் விளக்குத் திரிக் குச்சியால் உள்ளே சுரண்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்னதேதான், வெள்ளைப் பொடி. ஒரு வருடமாக அந்தக் கடைக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டு இருந்தேன்.

கச்சான்காற்று, ஐந்து விநாடிக் கணக்கு உறைத்தது. சரி, 7.5 போகட்டும். இன்னொரு சந்தேகம், டயர். இப்போது 25 மில்லிமீட்டர், டியூப் போட்டது. கருவேல முள் தாங்கவில்லை. போன மாதம் ஒரே ஞாயிறு நான்கு பஞ்சர், கையில் இருந்தது இரண்டு டியூப், கடைசியில் மண்டபம் முகாமிலிருந்து மீன் வண்டியில் ஏறி வந்தேன். வீட்டுக்குள் விடவில்லை, குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். டியூப்லெஸ் நம் வெயிலில் தாங்குமா?

கச்சான்காற்று

தாங்கும், ஆனால் கவனிக்க வேண்டும். உள்ளே ஊற்றுகிற சீலன்ட் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்து ரப்பர் தோலாகிவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியாகக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தவர்கள்தான் டியூப்லெஸ் சரியில்லை என்று எழுதுகிறவர்கள். சீமைக் கருவேல முள் குத்தினால் அங்கேயே நின்று பிடுங்கி, ஓட்டை தரையைப் பார்க்கிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வைத்து அரை நிமிடம் காத்திருங்கள், சொட்டி அடைத்துக்கொள்ளும். முள்ளோடு ஓட்டாதீர்கள். அது உள்ளே நுனி ஒடிந்து நின்றுகொண்டு ஆடி ஆடி ஓட்டையைப் பெரிதாக்கும்.

அகலம் 30 அல்லது 32. முன்பெல்லாம் 23-ஐக் கல் மாதிரி அடித்து ஓட்டினால்தான் வேகம் என்போம், இப்போது பந்தயக்காரர்களே 28-க்கும் 30-க்கும் வந்துவிட்டார்கள். உங்கள் எடைக்கு 32-ல் 60 பிஎஸ்ஐ போதும், பாலத்து இணைப்புகளில் தடதடவென்று பல் ஆடுவது பாதியாகக் குறையும். ஃபிரேம் கட்டுகிறவரிடம் "32 போட்டபின்னும் இருபக்கமும் விரல் நுழைய இடம் வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரிச்சல்முனைச் சாலையில் மணல் மேவிக் கிடக்கிற இடங்களில் அந்த இடைவெளி இல்லையென்றால் மணல் சிக்கி ஃபிரேமை அரம் மாதிரி ராவும்.

கீழக்கரை_காக்கா

துபாயிலிருந்து எழுதுகிறேன். ஊரில் இருக்கும்போது ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் ஓட்டுவேன், இங்கே அல் குத்ரா பாலைவனப் பாதையில் ஓட்டுகிறேன், ஆக மணல் எனக்கு இரண்டு ஊரிலும் சொந்தம்.

டைட்டானியம் என்னிடம் இருக்கிறது, ஆறு வருடம். பெயின்ட் கிடையாது, துரு கிடையாது, ஸ்டீலைவிட எடை குறைவு. உங்கள் ஒன்றே முக்கால் லட்சத்தில் ஃபிரேம் வந்துவிடலாம், சக்கரம் வாங்கக் காசு இருக்காது. மறந்துவிடுங்கள். ஸ்டீலே போடுங்கள். ரெனால்ட்ஸ் 853 மாதிரி மெல்லிய குழாயில் கட்டினால் ஃபிரேம் இரண்டு கிலோவுக்குள் நிற்கும், கார்பன் ஃபோர்க் அரைக் கிலோவுக்குள் முடியும், ஷிமானோ 105-ல் 11 கியர் செட், சாதாரண அலுமினிய ரிம், எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோவை ஒட்டி வரும். நன்றாக ஓடும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் சைக்கிளில் பெடல் கை, அதாவது கிராங்க், சுழல்கிற அச்சு உட்காருகிற இடம் (பிபி) அழுத்திச் செருகுகிற ரகம், அதாவது பிரெஸ்-ஃபிட். கீழக்கரையில் ஒரு மழைக்காலம் ஓட்டினேன், அதன்பின் ஒவ்வொரு மிதிக்கும் கிரீச், கிரீச். பள்ளிவாசல் தெருவில் வரும்போது நான் வருவது வீட்டுக்குத் தெரியும். கழற்றி மாட்ட அதற்கென்று தனிக் கருவி வேண்டும், மதுரைவரை எடுத்துக்கொண்டு போனேன். நீங்கள் பழைய பிஎஸ்ஏ மரை போட்ட ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். மரை என்றால் வருடத்துக்கு ஒருமுறை நீங்களே கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்து முடுக்கிவிடலாம்.

பிரேக்கில் டிஸ்க். எடை கொஞ்சம் கூடும், கூடட்டும். ரிம்மைப் பிடிக்கிற பிரேக்கில் மணல் ஒட்டினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி ரிம் தேயும், தேய்ந்த ரிம்மைத் தடவினால் குழிவு விரலுக்குத் தெரியும். ஹைட்ராலிக்கா, கேபிளா என்றால் நான் ஹைட்ராலிக் என்பேன், ஆயில் குழாய் மூடியே இருக்கிறது, உப்பு உள்ளே போகாது. ஆனால் ஆயில் மாற்றுகிற கிட் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், ஊரில் அவசரத்துக்குக் கிடைக்காது.

ஹஜ் பெருநாளுக்கு வருகிறேன். சின்னச் சாமான் ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள், பெட்டியில் இடம் இருந்தால் போட்டுக்கொண்டு வருகிறேன். சக்கரம் கேட்காதீர்கள், வீட்டில் கொல்வார்கள்.

சாயல்குடி_டீச்சர்

எல்லாரும் சேர்ந்து எடை குறைப்பதே வீண் என்று முடித்துவிட்டீர்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை. 82 கிலோ ஆளுக்கு அது சரி. நான் 49 கிலோ, 152 செ.மீ. 11 கிலோ சைக்கிள் என்றால் என் எடையில் கால்வாசிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ரயில்வே கேட்டில் நின்று கிளம்பும்போதும், பேருந்துக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கி மறுபடி தார்விளிம்பில் தூக்கி வைக்கும்போதும், மாடி வீட்டுக்குத் தோளில் ஏற்றும்போதும் அந்த மூன்று கிலோ என்ன என்று எனக்குத் தெரியும். ஜூல் கணக்கில் மாடிப்படி வரவில்லை.

ஆனால் நான் கட்டிக்கொண்டது அதற்காக இல்லை. கடையில் இருந்த மிகச் சின்ன அளவில்கூட ஹேண்டில்பார் எனக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, 40 கிலோமீட்டரில் உள்ளங்கை மரத்துவிடும். எல்லாருக்கும் 170 மில்லிமீட்டர் கிராங்க் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், முட்டி மார்பில் இடிக்கிறது. என் அளவுக்குக் கட்டும்போது மேல் பாரைக் குறைத்து, 160 கிராங்க் போட்டு, 38 செ.மீ. அகல ஹேண்டில்பார் வைத்தோம். ஸ்டீல்தான், 8.6 கிலோ. போன தை மாதம் 200 கிலோமீட்டர் பிரெவே (போட்டியில்லாத நெடுந்தூர ஓட்டம்) ஒன்றில் பதிமூன்றரை மணி நேரக் கெடுவுக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம் வைத்து முடித்தேன், வாடைக்காற்று எதிரே அடித்தும். கை மரக்கவில்லை.

உச்சிப்புளி சார், பணம் அனுப்புமுன் ஒரு வேலை செய்யுங்கள். சுவரில் சாய்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கவட்டையில் இறுக்கி வைத்துத் தரையிலிருந்து அதன் மேல்விளிம்புவரை அளந்து, அதை 0.883-ஆல் பெருக்குங்கள். கிராங்க் சுழல்கிற அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்வரை வர வேண்டிய உயரம் கிட்டத்தட்ட அதுதான். உங்கள் சீட் இறுகி நிற்கிற உயரம் அதற்குப் பக்கத்திலாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடமாகத் தப்பான உயரத்தில் ஓட்டிவிட்டு, அந்த உடம்புப் பழக்கத்தை வைத்துப் புது ஃபிரேமுக்கு அளவு கொடுத்தால், தப்பு அப்படியே இரும்பில் வார்த்து வரும்.

கழுவுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. நான் ஆறு மாதம் தினமும் அக்கறையாக அதில்தான் கழுவினேன், செயின் சிவந்து போல்ட் தலையெல்லாம் பூத்துவிட்டது. இப்போது காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு குடம் தனியாக எடுத்துவைத்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைப்பதோடு சரி. சைக்கிளுக்குக் குடிதண்ணீரா என்று மாமியார் கேட்டார்கள். எலுமிச்சைச் செடிக்கு அடியில் நிறுத்தித் துடைக்கிறேன், இப்போது கேட்பதில்லை.

கச்சான்காற்று

மாடிப்படியை ஒப்புக்கொள்கிறேன் டீச்சர். செயினுக்கு என்ன போடுகிறீர்கள்? நான் பாரஃபின் மெழுகை உருக்கி முக்குகிறேன், மணல் ஒட்டுவதே இல்லை, கையில் கறை இல்லை.

சாயல்குடி_டீச்சர்

நானும் முக்கிப் பார்த்தேன். மணலுக்கு நல்லது, ஈரக்காற்றுக்கு ஆகவில்லை, கார்த்திகையில் இரண்டு நாள் ஓட்டாமல் விட்டால் துரு எட்டிப் பார்க்கிறது. அதனால் மாசியிலிருந்து புரட்டாசிவரை மெழுகு, மழைக்காலத்தில் எண்ணெய் போட்டு ஓட்டியதும் துடைத்துவிடுவேன். ஸ்டீல் ஃபிரேம் என்பதால் குழாய்க்குள்ளும் மெழுகு கலந்த துருத்தடுப்பு அடித்து வைத்திருக்கிறேன், கார் அடிப்பாகத்துக்கு அடிப்பார்களே அதுதான். ஃபிரேம் வந்ததும், எதையும் பூட்டுமுன் அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்க, உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும்.

உச்சிப்புளி_மிதி

அளந்துவிட்டேன். கவட்டை 82, பெருக்கினால் 72.4. சீட் நிற்பது 69.5-ல். மூன்று செ.மீ. தாழ்வு. முட்டி வலிக்கு மூன்று மாதமாகத் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கிறேன்.

முடிவு: ஸ்டீல், மரை போட்ட பிபி, ஹைட்ராலிக் டிஸ்க், 32 கம்பிச் சக்கரம், பித்தளை நிப்பிள், 32 டயர், 11-28. எடை என்ன வருகிறதோ வரட்டும், தராசுக்குக் கொண்டு போகப்போவதில்லை. காக்கா, முடிந்தால் ஆயில் கிட் ஒன்று, மறக்காமல் விலையைச் சொல்லுங்கள். ஆனால் பெங்களூருக்கு அளவு அனுப்புமுன் இந்தப் பழைய சைக்கிளில் சீட்டை ஏற்றி ஒரு மாதமாவது சரியான உயரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும், டீச்சர் சொன்னது சரி. அதற்கு இந்தப் பில்லர் அசைய வேண்டுமே. அறுத்து எடுப்பது தவிர வேறு வழி உண்டா அண்ணே?

பாம்பன்_ஃபைபர்

அறுக்காதே. கொண்டு வா. இப்போது மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையேறி நிற்கிறது, எனக்குத் தலை நிமிர நேரமில்லை. ஜூன் 14 தாண்டட்டும். அப்போதுதான் ஐஸ் கம்பெனியும் முழுசாக ஓடும், ஐஸ்தான் நமக்கு வேண்டும். பில்லரின் வெளியே தெரிகிற பகுதியைச் சுற்றி அரைத்த ஐஸைச் சாக்கில் வைத்து இறுக்கிக் கட்டி அது குளிர்ந்து சுருங்கின சமயத்தில், ஃபிரேம் பக்கம் மட்டும் வெந்நீரை ஊற்றிக்கொண்டே சீட்டைப் பிடித்து இரண்டு பேர் திருக வேண்டும். மேலே இழுக்காதே, முதலில் திருகு. வருகிறதுக்கு முந்தின நாலு நாளும் ராத்திரி இடுக்கில் ஆயில் விட்டு வை, அந்தக் கிளாம்ப் போல்ட்டை இப்போதே கழற்றிவிடு, அதுவும் பிடித்துக்கொண்டால் பிறகு என்னால் ஆகாது. ஞாயிறு காலை பூசை முடிந்து ஒன்பது மணிக்குமேல் வா. வெந்நீருக்கு விறகு நம்மிடம் கிடக்கிறது.